அம்மாவுக்கு ஒரு பிறந்த வீடு

என் அம்மா லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. வெள்ளைக்காரத் துரை மலைக்கு வந்து எதிரே நின்றாலும் அவள் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற கை நிற்காது. கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவாள். எங்கள் அத்தையின் வாய்க்கு லயத்து வரிசை வீடு முழுக்க ஒதுங்கிப் போகும். அம்மா மட்டும் முழுவதையும் நின்று கேட்டு, வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. தான் செத்தால் கோடி கொண்டுவர ஆள் இல்லையே என்கிற பயம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் செத்தால் அவளுக்குப் போர்த்துகிற கடைசிச் சேலை பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். அண்ணனோ தம்பியோ தட்டில் புதுச்சேலையும் மஞ்சளும் பூவும் வைத்து, தப்புப் பறை முழங்க எடுத்து வருவார்கள். அதுதான் பிறந்த வீட்டுக் கோடி. அது வந்த பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். உயிரோடு இருந்தபோது அந்த அண்ணன் தம்பி எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். அதையெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். கோடி வந்ததா, யார் கொண்டுவந்தது என்பதுதான் அப்புறம் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேச்சாக இருக்கும்.

அம்மாவை அவளுடைய பெற்றோர் சின்னப் பிள்ளையாக இலங்கைக்குக் கப்பலில் கூட்டிவந்தார்கள். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இருவரும் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். ஓர் அண்ணன் இருந்தான். ஊருக்குப் போய்ப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், போனவன்தான். என் அப்பாவைக் கட்டி வந்தபோது அம்மாவோடு வந்தது ஒரு தகரப்பெட்டியும் அவளுடைய கோபமும் மட்டுமே.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் இருந்தாள். சண்டையில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் அவளிடம் ஒரு கடைசி ஆயுதம் இருந்தது.

"கோடி போட நாதி இல்லாதவளுக்கு இம்புட்டு வாயி!"

அதற்கு மட்டும் அம்மா பதில் சொல்லமாட்டாள். உள்ளே போய் அடுப்பை ஊதுவாள். புகையினால்தான் கண்ணீர் வருகிறது என்று நாங்கள் நம்பவேண்டும். அந்தச் சமயங்களில் அத்தையின் மண்டையில் தேங்காய் உடைக்கவேண்டும் போல எனக்கு இருக்கும். இப்போது நினைத்தாலும் இருக்கிறது.

அம்மாவுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். மலையில் பக்கத்து நிரை அவளுடையது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்திருப்பார்கள். வருசக்கணக்காக ஒரே நிரைதான். அதனால் பக்கத்து நிரைக்காரி என்பது புருசனைவிட அதிக நேரம் கூட இருக்கிற உறவு. அவள் நல்ல உயரம், பெரிய கை. அவள் சிரித்தால் எதிர்மலையில் நிற்கிற கங்காணி திரும்பிப் பார்ப்பார். தப்படிக்கிற ஆட்களின் வீட்டுப் பெண். அவர்களுக்கு ஆற்றோரமாகத் தனி லயம். கடலைத் தாண்டும்போது எங்கள் ஆட்கள் பானை சட்டியைக்கூட விட்டுவிட்டு வந்தார்கள். சாதியை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

எனக்குக் காது குத்தியது கோயில் திருவிழாவுக்கு மறுநாள். விவரம் தெரிந்த வயது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஹட்டனிலிருந்து வந்த ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு, "தாய்மாமன் யாரு? வந்து உக்காருங்க" என்றார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்தவேண்டும். எல்லோரும் கீழே பார்த்தார்கள்.

"கப்பலேறிப் போனவன் கூப்புட்டா வந்துருவானாக்கும்? யாராச்சும் ஒருத்தர் உக்காருங்கய்யா" என்றாள் அத்தை. அம்மாவின் முகம் செத்துப்போனது.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில், தப்படிக்கிறவர்கள் நிற்கிற இடத்திலிருந்து, அம்மாவின் சிநேகிதி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"நாந்தான் மாமன். புள்ளையக் குடுங்க."

ஆசாரிக்கு ஊசி கையிலேயே நின்றுவிட்டது. "என்னம்மா, நீ பொம்பளையாச்சே."

"ஒங்களுக்கு வேண்டியது மடிதான? எனக்கு மடி இருக்குல்ல. குத்துங்க."

சிரித்தவர்கள் சிரித்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் திருப்பிக்கொண்டார்கள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா என்னைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டாள். ஊசி இறங்கியதும் நான் வலி தாங்காமல் என்னைப் பிடித்திருந்த அந்தப் பெரிய கையைக் கடித்துவிட்டேன். நல்ல கடி. பல் பதிந்தது.

"கடி, கடி. மாமனக் கடிக்காம வேற யாரக் கடிப்ப" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அவள் மாமா. தோட்டத்துப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். பொம்பளையை மாமா என்று கூப்பிடுகிற ஒரே பிள்ளை நான்தான். யாராவது ரொம்பச் சிரித்தால் அவர்களையும் கடித்திருக்கிறேன்.

காதுகுத்து முடிந்து எல்லோரும் அத்தை வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில், தேத்தண்ணி குடித்தார்கள். மற்றவர்களுக்கு டம்ளர். மாமாவுக்கு வாசலுக்கு வெளியே சிரட்டை. அது அந்தக் காலத்தில் யாரும் புதிதாகப் பார்க்கிற காரியம் அல்ல. மாமாவும் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அம்மா தன் டம்ளரை அப்படியே தரையில் வைத்தாள். விறகுக் குவியலில் கிடந்த ஒரு சிரட்டையை எடுத்துக் கழுவினாள். போய் மாமாவின் பக்கத்தில் வாசலுக்கு வெளியே குந்தினாள்.

"எனக்கும் இதுலயே ஊத்துங்க மதினி."

"என்னாடி கூத்து இது?"

"கூத்தெல்லாம் ஒண்ணுமில்ல. எம்புள்ளையோட மாமனுக்கு செரட்டைன்னா எனக்கும் செரட்டதான்."

ஒரு நாள் வீம்பு என்று அத்தை நினைத்தாள். என் அம்மாவை அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. தீபாவளியோ பொங்கலோ, எதுவாக இருந்தாலும், அந்த வீட்டில் அம்மா சிரட்டையில்தான் குடித்தாள். அந்தச் சிரட்டையைத் தேய்த்துத் தேய்த்து மினுமினுவென்று வைத்திருந்தாள். வருசங்கள் ஓடின. அத்தை மகளைப் பெண் பார்க்க ஹட்டன் டவுனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல பட்டுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா தன் சிரட்டையை எடுத்துக்கொண்டு போய் வாசலில் குந்தினாள்.

"ஏங்க, அவங்களுக்கு மட்டும் எதுக்கு செரட்டையில குடுக்குறீங்க? ஒங்க தம்பி பொஞ்சாதிதான அவங்க?" என்று கேட்டாள் அந்தப் பட்டுச்சேலை.

அத்தைக்குத் தேத்தண்ணி புரையேறியது. அம்மா மரியாதையாகச் சிரித்தாள். "எனக்கும் என் சிநேகிதிக்கும் இந்த வீட்டுல இதுதாங்க வழக்கம்."

சம்பந்தம் எப்படியோ நிச்சயமாகிவிட்டது. மறுநாள் அத்தை அந்தச் சிரட்டையை அடுப்பில் போட்டுவிட்டு, இரண்டு பித்தளை டம்ளரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் ணங்கென்று வைத்தாள். "ரெண்டு பேரும் இதுலயே குடிச்சுத் தொலைங்க!" அன்று சாயங்காலம் அம்மாவும் மாமாவும் அத்தை வீட்டு இஸ்தோப்பில், உள்ளே, காலை நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்ததை நான் பார்த்தேன். துரை பங்களாவில்கூட யாரும் அவ்வளவு சொகுசாகக் குடித்திருக்கமாட்டார்கள்.

அம்மா அப்படித்தான். தன் ஆள் என்று ஒருவரை வைத்துவிட்டால் வைத்ததுதான். மாமா பிள்ளை பெற்று வீட்டில் இருந்தபோது, கங்காணி அவளுடைய நிரையைத் தன் கொழுந்தியாளுக்குக் கொடுக்கப் பார்த்தார். அது நல்ல நிரை, மேடு பள்ளம் இல்லாதது. அம்மா கூடையோடு போய் அந்த நிரையின் தலைமாட்டில் நின்றுகொண்டாள். "இதுக்கு ஆள் இருக்குங்க. அவ வர்ற வரைக்கும் ரெண்டையும் நானே எடுக்குறேன். செடியில ஒரு இல முத்திருந்தா அன்னைக்கு வந்து கேளுங்க." எடுத்தும் காட்டினாள். கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு அவள் வந்து சேரும்போது மற்றவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மாமா பச்சைப்பிள்ளையோடு திரும்பி வந்தபோது அவளுடைய நிரை அவளுக்காகக் காத்திருந்தது. கங்காணியின் கொழுந்தியாள் கடைசிவரை மேட்டு நிரையில்தான் ஏறி இறங்கினாள்.

எங்களிடமும் அப்படித்தான். வீட்டுக்குள் விளக்குமாற்றால் விளாசுவாள். ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னை மழையில் நிற்கவைத்தார் என்று தெரிந்ததும், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, சொட்டச் சொட்ட வகுப்புக்குள் வந்துவிட்டாள். "எம்புள்ள தப்பு செஞ்சா எங்கிட்ட சொல்லுங்க, நான் தோல உரிக்கிறேன். மழையில நிக்க வைக்கிற வேல ஒங்களுக்கு வேணாம்" என்றாள். வாத்தியார் எனக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னபடி தோலையும் உரித்தாள்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள். மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். நல்ல மழை. இருவரும் ஒரே கம்பளிக்குள் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். முதல்நாள் அத்தை மறுபடியும் அந்தக் கோடிப் பேச்சை எடுத்திருந்தாள். அம்மா மழையைப் பார்த்தபடி, "ஏ புள்ள, நான் செத்தா மூளியாத்தான் போவேன் போல" என்றாள்.

மாமா வெற்றிலையைத் துப்பினாள். "மொதல்ல நீ சாவு. அப்புறம் பாரு, எப்புடிக் கொண்டாறேன்னு."

"நீ முந்திக்கிட்டா?"

"அப்ப நீ எனக்குக் கொண்டா. யாரு முந்துனாலும் கணக்கு சரிதான?"

இருவரும் சிரித்தார்கள். சாவைப் பற்றி இவ்வளவு சந்தோசமாகப் பேசியவர்களை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அப்புறம் மாமாவின் புருசனுக்குப் பூண்டுலோயாப் பக்கம் வேறு தோட்டத்தில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். அம்மா அழவில்லை. பக்கத்து நிரைக்குப் புதிதாக வந்தவளோடு பேசவும் இல்லை. அந்தப் பெண் பாவம், அவள் ஒன்றும் செய்யவில்லை. நல்ல நாள் பொல்லாத நாளில் மாமா வருவாள். வந்தால் நேராக அத்தை வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து, "டம்ளரு எங்க?" என்று கேட்பாள்.

நான் கல்யாண வயதுக்கு வந்திருந்த வருசம், ஆடி மழையில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மருந்துக்காரர் கொடுத்த தண்ணி மருந்து கேட்கவில்லை. ஒரு விடியற்காலையில், கொழுந்துக்கு ஆள் கூப்பிடுகிற தப்புச் சத்தம் கேட்கிற நேரத்தில், போய்விட்டாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு சண்டைக்காரி இந்தச் சளியிடம் போய்த் தோற்றுவிட்டாளே என்று இருந்தது.

அப்பா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அத்தைதான் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாள். அவள் அழுததும் உண்மையான அழுகைதான். அதை நான் மறுக்கமாட்டேன். சண்டை போட ஆள் போய்விட்டது அல்லவா. ஆனால் அழுது முடித்ததும், "கோடிக்கு என்னா செய்றது?" என்றாள். தூரத்துச் சொந்தத்தில் அண்ணன் முறையாகிற ஒருவர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், கீழ்க்கணக்கில், இருந்தார். அவரிடம் கடையில் ஒரு சேலையை வாங்கிக் கொடுத்து நிற்கவைத்துவிடலாம் என்று முடிவு பண்ணினாள்.

நான் எழுந்து சந்திக்கடைக்கு ஓடினேன். கடைக்கார முஸ்லிம் நானா மரக்கறி ஏற்றப் பூண்டுலோயாவுக்கு லொறியை எடுத்துக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொல்லி, மாமாவுக்குத் தெரிவிக்கக் கேட்டேன். அவர் அம்மாவிடம் நிறைய ஏச்சு வாங்கியவர். வெங்காயத்தில் அழுகல் இருந்தால் அம்மா விடமாட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க வீட்டுக்குப் போங்க மகள். சொல்றது மட்டுமில்ல, கையோட கூட்டிக்கிட்டு வாறேன்" என்றார்.

திரும்பி வந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். மத்தியானம் ஆனது. கீழ்க்கணக்கு மாமன் சேலைத் தட்டோடு வாசலுக்கு வந்தார். வாசலுக்கு வெளியே எங்கள் தோட்டத்துத் தப்புக்காரர்கள், மாமாவின் கொழுந்தன்மார்தான், மழைக்குத் தொய்ந்துபோன தப்பை நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா வராம அம்மா மேல ஒரு சேலையும் விழாது" என்றேன்.

"எந்த மாமாடி?" என்றாள் அத்தை.

"ஒங்க கண்ணு முன்னாடி மடியில வச்சுக் காது குத்துன மாமா."

"அடியே, அவ வேற ஆளு, அதுலயும் பொம்பள. நாளைக்கு நாலு பேரு மூஞ்சியில முழிக்க வேணாமா? இருட்டுறதுக்குள்ள எடுக்கணும்டி!"

பெரியவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா வாழ்நாள் முழுவதும் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "இருக்கட்டும். வருவா."

மழை விட்டுவிட்டுப் பெய்தது. இனிமேல் தாங்காது என்று ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கிய நேரத்தில் மேல்ரோட்டில் ஒரு லொறி உறுமியது. அதற்கு மேலாக ஒரு சத்தம் வந்தது. தப்பு. எங்கள் வாசல் தப்பு இல்லை. மேலேயிருந்து இறங்கி வருகிற தப்பு. கோவா, லீக்ஸ் என்று மரக்கறி ஏற்றிய லொறியிலிருந்து இறங்கி, மாமாவின் புருசனும் மகன்களும் ரோட்டு வளைவில் அடித்துக்கொண்டு வந்தார்கள். லொறியிலிருந்த வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சியிருக்கிறார்கள் போல. அப்படி ஒரு கணீர். அவர்களுக்கு முன்னால் மாமா. ஆம்பிளைதான் கோடித்தட்டை எடுத்து வரவேண்டும் என்பதையெல்லாம் யாரும் அவளிடம் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள். தலையில் தட்டு, தட்டில் சிவப்புச் சேலை, குங்குமம், மல்லிகைப்பூ. ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து வந்தாள்.

பிறந்த வீட்டு ஆட்கள் கோடியோடு வந்தால் வீட்டுக்காரர் எதிரே போய்க் கும்பிட்டு அழைத்து வரவேண்டும். அப்பா எழுந்தார். வெறுங்காலோடு மழையில் வளைவு வரைக்கும் போனார். தப்படிக்கிற அந்த மனுசருக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க மச்சான்" என்றார். லயத்துக்கே கேட்டது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வாசலில் நின்ற பெரியவர் வழக்கப்படி சத்தமாகச் சொல்லவேண்டும். "பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சு! கொண்டாந்தது..." என்று ஆரம்பித்தவர், என்ன முறை சொல்வது என்று தெரியாமல் திணறினார்.

"தாய்மாமன்!" என்று கத்தினேன்.

"தாய்மாமன்!" என்றார் அவரும். வேறு வழி?

மாமா ஒப்பாரி வைக்கவில்லை. அந்தச் சிவப்புச் சேலையை அம்மாவின் மேல் விரித்துப் போர்த்தினாள். என் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராகக் கொடுக்க வாங்கி வைத்திருந்த சேலை அது. அம்மாவின் கன்னத்தைத் தட்டினாள். "ஏ புள்ள, சொன்னபடி வந்துட்டேன் பாரு. ஒனக்குப் பொறந்த வீடு இல்லைன்னாங்களாமே? எந்திரிச்சு இவங்ககிட்ட சொல்லுடி."

பாடையைத் தூக்குகிற நேரத்தில்தான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மாமாவின் புருசன் தப்பைக் கழற்றிக் கீழே வைத்தார். தன் தம்பிமாரைப் பார்த்து, "நீங்களும் வைங்கடா" என்றார். எல்லாத் தப்பும் நின்றுபோனது.

"ஏப்பா, அடிங்கப்பா, எடுக்கணும்ல" என்றார் பெரியவர்.

"கோடி கொண்டாந்து விட்டாச்சுங்க. செத்தது எங்க பொண்ணு. பொறந்த வீட்டு ஆளுக எங்கயாச்சும் எழவு வீட்டுல தப்படிப்பாங்களா?" என்று அமைதியாகக் கேட்டுவிட்டு, அழுதுகொண்டே போய்ப் பாடையின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தார்.

தப்பு இல்லாமல் பிணம் போனால் அது எங்கள் அப்பா வீட்டுக்குத் தீராத அவமானம். அத்தை சுற்றிலும் பார்த்தாள். பிறகு தன் மகனைப் பார்த்தாள். அவன் காமன் கூத்துத் திருவிழா நேரத்தில் அத்தைக்குத் தெரியாமல் ஆற்றோர லயத்துக்குப் போய்த் தப்பு பழகினவன். தெரியாது என்று அவன்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா முழிக்கிற? எடுடா!" என்றாள் அத்தை. "எந்தம்பி பொஞ்சாதி மூளியாப் போறதா? எடுத்து அடிடா!"

அவன் தப்பைத் தோளில் மாட்டினான். எங்கள் லயத்தில் எங்கள் ஆளொருவன் சாவுக்குத் தப்படித்தது அன்றுதான் முதல் தடவை. மாமாவின் மகன்களும் கொழுந்தன்மாரும் பிறந்த வீட்டு ஆட்களாகப் பாடைக்கு முன்னால் நடக்க, அத்தை மகன் அவர்களுக்கும் முன்னால் அடித்துக்கொண்டு போனான். வேலை முடிந்து வந்தவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ரோட்டோரத்தில் நின்று பார்த்தார்கள். கங்காணி தொப்பியைக் கழற்றினார். அம்மா சிவப்புச் சேலையில் மகாராணி மாதிரி போனாள்.

பெண்கள் வளைவோடு நின்றுவிட வேண்டும், சுடுகாட்டுக்குப் போகக்கூடாது. வளைவுக்கு வந்ததும் மாமா என்னைக் கட்டிக்கொண்டு முதல்முறையாக உடைந்து அழுதாள். என் முகத்துக்கு எதிரே அவளுடைய கை இருந்தது. என் பல் தடம் இன்னும் அதில் லேசாகத் தெரிந்தது. அத்தை எங்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

முன்னால் தப்புச் சத்தம் தடுமாறியது. பழக்கம் இல்லாத கை; மழையில் தோலும் தொய்ந்திருந்தது. மாமா அழுகையைச் சட்டென்று நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எதிர்மலை வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"டேய், ஒழுங்கா அடிடா! போறது எங்க வீட்டுப் பொண்ணு!"

அதற்கப்புறம் அவன் ஒழுங்காகத்தான் அடித்தான்.